ஐஸ்காரர் வீட்டுக் காய்ச்சல்

ஐஸ்காரர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒரே ஒரு கைக்குத்தான் இருந்தது. ஐஸ்காரரின் வலது கைக்கு.

தெருக்கோடியில் இருந்த ஐஸ் ஃபாக்டரியில் அவருக்கு வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கி வைத்த தகர டின்களில் தண்ணீர் உறைந்து கட்டியாகிக் கிடக்கும். அந்தக் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து, மரத்தூளில் புரட்டி, லாரியில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க இதே மல்லுக்கட்டு. பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது அவருடைய கை மனிதக் கை மாதிரியே இருக்காது. விரல்கள் வெளுத்து, நகங்கள் நீலம் பாரித்து, தொட்டால் உடம்பு சிலிர்க்கும். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளறைக்கு வருவார். பிள்ளைகளில் ஒன்று போர்வைக்குள் சுருண்டிருந்தால் அதன் நெற்றியில் கையை வைப்பார்.

"அடேயப்பா, கொதிக்குதே!"

கொதிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கையால் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் சுவருக்கும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. பாலில் நனைத்த ரொட்டி உண்டு. படக்கதைப் புத்தகம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கை நெற்றியில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் உண்டு. புழுக்கமான அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். கண் தானாகச் சொக்கும். காலையில் விழித்தால் காய்ச்சல் போன இடம் தெரியாது. அப்பா கையில் மந்திரம் இருக்கிறது என்று பிள்ளைகள் இரண்டும் நம்பியதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நாமாக இருந்தாலும் நம்பியிருப்போம்.

அம்மாவின் கை இதற்கு நேர் எதிர். அவள் ஒரு சலவைக் கம்பெனியில் இஸ்திரி போட்டாள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அவள் மேஜைக்குத்தான் வரும். பெட்டியின் சூட்டிலும் ஆவியிலும் வெந்து வெந்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கி வைப்பாள். பார்க்கிறவர்கள்தான் கையை உதறிக்கொள்வார்கள். அந்தக் கைக்கு எந்த நெற்றியும் சுட்டதில்லை. தொட்ட மாத்திரத்தில், "ஒண்ணுமில்ல, ஜில்லுன்னுதான் இருக்கு. எழுந்து பல்லைத் தேய்" என்பாள்.

ஒரே வீட்டில் பனியும் நெருப்பும் குடித்தனம் நடத்தினால் நடுவில் மாட்டிக்கொண்ட காய்ச்சலின் கதி என்னாவது? காலையில் இல்லாத காய்ச்சல் மாலையில் கொதித்தது. தெர்மாமீட்டர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. உள்ளே வெள்ளி மாதிரி ஓடுகிற பாதரசத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டு சின்னவன் அதைத் தரையில் தட்டி உடைத்தான். அதற்குப் பிறகு வேறு வாங்கவில்லை. அப்பா கை இருக்கும்போது அது எதற்கு என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

அந்தச் சின்னவனுக்கு வீட்டில் நோஞ்சான் என்று பெயர். சளி, இருமல், வயிற்றுவலி என்று ஊரில் திரிகிற அத்தனையும் முதலில் அவனிடம்தான் வந்து விசாரித்துவிட்டுப் போகும். இன்றைக்கு அவன் கதவைத் தாண்ட வேண்டுமானால் ஒருக்களித்துத்தான் தாண்ட முடியும். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுக்கு மூத்தவள் பெரியவள். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் கண்ணாடியை மாட்டி, கம்பியை வளைத்து, "இப்போ உறுத்துதா?" என்று கேட்பதிலேயே அவளுடைய தலைமயிர் பாதி நரைத்துவிட்டது.

அன்று மதியம் அவள் ஒரு சிறுமியின் காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அம்மா இருக்கிற வீட்டின் மாடியில் குடியிருக்கும் டீச்சர்.

"நீங்க ஒரு நடை வந்து பார்த்தா தேவலை. வாசல்ல பால் பாக்கெட் அப்படியே கெடக்கு. கூப்பிட்டா உள்ள இருந்தே, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றாங்க. குரல் சரியில்ல. ஒரே இருமல் வேற. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா எனக்கென்ன கேடுன்னு சண்டைக்கு வர்றாங்க."

பெரியவள் பயந்துபோய் உடனே தம்பிக்கு ஃபோன் போட்டாள். அப்பாவும் இப்படித்தான், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அது வெட்கம். அப்பா போன பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. வேலை, குடும்பம் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், அப்பா இல்லாத வீட்டில் யாரைப் பார்க்கப் போவது என்று அவள் மனசு கேட்டது. அம்மா இருக்கிறாளே என்று பதில் சொல்ல அதே மனசுக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் அவளுக்கு மரியாதை உண்டு. ஒட்டுதல்தான் இல்லை. சிறு வயதிலேயே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். உடம்புக்கு முடியாமல் படுத்தால் அப்பா நெற்றியில் கை வைப்பார். அம்மா கட்டிலுக்குக் கீழே வாளி வைப்பாள். அம்மா தொட்டுப் பார்ப்பது எப்போது நின்றது என்று பெரியவளுக்கு நினைவில்லை. நின்றது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு நாள் அழுதுகொண்டே, "நீ ஏம்மா என் நெத்தியில கை வைக்க மாட்டேங்கிறே?" என்று கேட்டிருக்கிறாள். "அப்பா வரட்டும்" என்றுதான் பதில் வந்தது. அம்மா கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டவள், வயதான பிறகும் அதை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

தம்பி தன் வேனில் வந்து அவளை ஏற்றிக்கொண்டான். பின்னால் பழைய கம்ப்ரஸர்களும் செம்புக் குழாய்ச் சுருள்களும் வளைவுக்கு வளைவு உருண்டன.

"அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததா சரித்திரமே கெடையாதேக்கா. டீச்சர் சும்மா பயமுறுத்துறாங்க" என்றான்.

அவன் சொன்னதும் உண்மைதான். நினைவு தெரிந்து அம்மா படுத்து அவர்கள் பார்த்ததில்லை. தெருவே காய்ச்சலில் படுத்த வருஷம்கூட அம்மா சலவைக் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தபோது அம்மா தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். வேன் சத்தம் கேட்டு அவசரமாகத் தயாரானது தெரிந்தது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் தோளைச் சுற்றிச் சால்வை போர்த்தியிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்க? யாருக்கு என்ன?"

"உனக்குத்தாம்மா. இருமறியாமே?"

"அந்த டீச்சருக்கு வேற வேலை இல்ல. மாடியில உக்காந்துகிட்டு நான் இருமறதை எண்ணிக்கிட்டிருக்கா. உள்ள வாங்க, டீ போடறேன்."

டீ போடாமல் விட்டால் அம்மா அம்மாவாக இருக்க மாட்டாள். மூவரும் சமையலறையிலேயே உட்கார்ந்தார்கள். அம்மா அடுப்பை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள், குளிர்காய்கிறவள் மாதிரி. பெரியவள் அந்தச் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். புகைக்கறை படிந்த அதே சுவர். அடுப்புக்கு எதிரே அப்பா உட்காருகிற அதே மூலை. மாலையில் அங்கே அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். அம்மா வாஸ்லீனை எடுத்துத் தன் சூடான உள்ளங்கைகளுக்கு நடுவில் அந்தக் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்க்கத் தேய்க்கக் கைக்கு நிறம் திரும்பும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். ஃபாக்டரியில் யார் வழுக்கி விழுந்தான், எந்த மேஸ்திரி யாரைத் திட்டினான் என்று பேச்சு நடக்கும். அந்த நேரத்தில் அம்மா சிரித்துப் பேசுவாள். அந்த மாலைகள் மறுபடி வராதா என்று பெரியவளுக்கு இருந்தது. ஏக்கம் என்றால் ஏக்கம், அப்படி ஓர் ஏக்கம்.

"அப்பா மட்டும் இருந்திருந்தா வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பாரு" என்றான் தம்பி.

"அவருக்கென்ன. பூனையைத் தொட்டாலும் காய்ச்சல்னுவாரு" என்றாள் அம்மா.

மூவரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தம்பிக்கு அப்பா பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாது. தன் பிள்ளைகளுக்கு நூறு தரம் சொன்ன கதையை மறுபடி ஆரம்பித்தான்.

"சும்மா இல்லம்மா, அப்பா கையில நெஜமாவே ஏதோ இருந்துச்சு. ஸ்கூல்ல நான் மயக்கம் போட்டு விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? வாத்தியார் தண்ணி தெளிக்கிறாரு, பியூன் விசிறறான், ஒண்ணும் நடக்கல. அப்பா ஃபாக்டரியில இருந்து அப்படியே ஓடி வந்தாரு. மரத்தூள் ஒட்டின சட்டையோட. நெத்தியில கை வச்சாரு. பட்டுன்னு கண்ணைத் தொறந்துட்டேன். மந்திரம்னா அதுதான் மந்திரம். அப்புறம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டதெல்லாம் சும்மா."

அம்மா டம்ளரை உதட்டில் வைத்தாள். டம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து அம்மாவின் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினாள். அம்மா இன்னும் வேகமாக எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

"தொடாதேடி. வேர்த்துக் கெடக்கு."

"ஒரு தடவை பார்க்கிறேம்மா."

"எதுக்குப் பார்க்கணும்? நானே பார்த்துட்டேன். தெனமும்தான் பார்க்கிறேன்." அம்மா தன் உள்ளங்கையைத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக் காட்டினாள். "இதோ. ஜில்லுன்னு இருக்கு. போதுமா?"

கேட்கிறவர்களுக்கு இது கோமாளித்தனமாக இருக்கும். அம்மா பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் காலையும் மாலையும் அந்தக் காய்த்துப்போன கையாலேயே தன்னைச் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நம்பி, அடுப்பங்கரையில் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பெரியவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"உன் கைக்கு என்னைக்கும்மா காய்ச்சல் தெரிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாள். அந்த வீட்டில் எப்போதும் ஓடுகிற கேலிதான் அது. ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்த பிடிவாதம் அப்படியே வடிந்துவிட்டது. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாதுதான்" என்றாள். "தெரிஞ்சிருந்தா இவனை அன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பியிருப்பேனா?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"காலையில தலை வலிக்குதும்மான்னு சொன்னான். தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. நடிக்கிறான்னு நெனச்சேன். தலையில ஒரு தட்டுத் தட்டி, போடான்னு அனுப்பிட்டேன். நெருப்பா கொதிச்சிருக்கு புள்ளைக்கு. போற வழியெல்லாம் சுவரைப் புடிச்சுக்கிட்டே போனானாம். பியூன் சொன்னான்." அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டா, வீட்டுல யாருமே தொட்டுக்கூடப் பார்க்கலையான்னு. தொட்டுப் பார்த்தேன்னு நான் எப்படிச் சொல்றது? உங்கப்பா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அதுக்கப்புறம் நான் யாரு நெத்தியிலயும் கை வைக்கல. பொய் சொல்ற கையை எதுக்கு வைக்கணும்?"

தம்பியின் மந்திரக் கதையில் அம்மா எங்குமே வந்ததில்லை. இத்தனை வருஷமாக அவன் அதை வாய்நிறையச் சொல்லும்போதெல்லாம் அம்மா ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். 

 அழுதுகொண்டே கேட்ட சிறுமிக்கு அம்மா சொன்ன "அப்பா வரட்டும்" என்ற பதில் பெரியவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டதை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. ஸ்டூலிலிருந்து சரிந்தவளைத் தம்பி தாங்கிப் பிடித்தான். மூன்றாம் மாடிக்கு ஃபிரிட்ஜை ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன். அம்மாவை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"எறக்கி விடுடா! தெருவே பார்க்குது!"

"பார்க்கட்டும்."

"அடுப்பு எரியுதுடா!"

"அக்கா அணைப்பா."

வேனில் கம்ப்ரஸர்களுக்கு நடுவே ஒரு பழைய மெத்தையைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டுக்கு நடுவில் மூச்சு வாங்குவதைத்தான் பெரியவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், படம் எடுத்துப் பார்த்தாள், பெரியவளைத் தனியாக அழைத்தாள்.

"ஒரு பக்கம் நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருக்கு. இன்னிக்கே சேர்த்து மருந்து ஏத்தணும். இந்த வயசுல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது ரொம்ப ஆபத்து. ஆனா உங்கம்மா படுக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்கதான் சொல்லணும்."

அம்மா கட்டிலின் விளிம்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுகிறவள் மாதிரி இருந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரைக் காட்டி, "நூத்தி மூணு இருக்கும்மா. படுங்க, ஊசி குத்தணும்" என்றாள்.

"மெஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றாள் அம்மா. பிறகு விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதை இஸ்திரின்னு எவன் சொன்னான்? ஒரு மடிப்பு நேரா இல்ல" என்று சொல்லி, அந்த மடிப்பை உள்ளங்கையால் நீவ ஆரம்பித்தாள். நர்ஸ் பெரியவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

வராந்தாவில் தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு, அன்று காய்ச்சலோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட பையன் மாதிரி நின்றது.

"நான் பாட்டுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேனேக்கா. அவ முன்னாடியே."

"உனக்குத் தெரியாதேடா."

"எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. காய்ச்சல் விடும்போது வேர்த்து, படுக்கை தொப்பலா நனைஞ்சு போகும். அப்படியே தூங்கிடுவேன். காலையில முழிச்சா எல்லாம் காஞ்சு கதகதன்னு இருக்கும். அப்பா கைதான் காய வச்சுடுச்சுன்னு நெனைப்பேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்."

"அது இஸ்திரி போட்ட விரிப்புடா" என்றாள் பெரியவள். சொல்லும்போதே அவளுக்கும் அது கண்முன் வந்தது. காய்ச்சல் தூக்கத்தில் யாரோ தன்னைப் புரட்டுவதும், ஈரம் போய் அடியில் இளஞ்சூடு பரவுவதும், இஸ்திரித் துணியின் அந்த வாசனையும். அவளும் அதை அப்பாவின் கணக்கில்தான் சேர்த்திருந்தாள். நாளெல்லாம் அடுத்தவர்கள் படுக்கிற விரிப்புக்கு இஸ்திரி போட்டவள், வீட்டுக்கு வந்து மறுபடியும் நின்றுகொண்டு போட்டிருக்கிறாள். விரிப்பை மாற்றும்போதும் நெற்றியை மட்டும் தொடாமல் மாற்றியிருக்கிறாள்.

"அப்போ மந்திரம்னு ஒண்ணுமே இல்லைங்கிறியா?" தம்பி கேட்டான். அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது.

"இல்லைன்னு யாரு சொன்னது? அப்பா கை வச்சப்போ நமக்குச் சரியாச்சுதானே? அந்தக் கையைத் தெனம் உக்காந்து தேய்ச்சது யாரு?" என்றாள். "எல்லாத்துக்கும் அவரை மட்டும் கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டோம். அவ்வளவுதான்."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். இருவரும் உள்ளே போனார்கள். அம்மா விரிப்பின் ஒரு பக்கத்தை நேராக்கி முடித்து மறுபக்கத்துக்கு வந்திருந்தாள்.  கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனாலும் முதுகு மட்டும் வளையவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா? கெளம்பலாமா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கணும்."

"மாத்திரை குடுக்கச் சொல்லு. வீட்டுல போட்டுக்கறேன். பால்காரன் வருவான். துணி வேற ஊறுது."

பெரியவள் அம்மாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. புடவையைத் தாண்டி அனல் அடித்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கிறேன். அப்பாகூட உன் நெத்தியில கை வச்சதே இல்லையா?"

அம்மா நீவுவதை நிறுத்தினாள்.

"விட்டாத்தானே" என்றாள். "வர்றப்பல்லாம் துரத்துவாரு. காட்டு, உன் மூஞ்சி சரியில்லம்பாரு. நான் தப்பிச்சு ஓடிடுவேன். அவரு கை வச்சா காய்ச்சல்னுவாரு. காய்ச்சல்னா படுக்கணும். நான் படுத்தா? உங்களுக்கு யாரு பொங்கிப் போடறது? அவரு கைக்கு யாரு தேய்ச்சு விடறது? கம்பெனியில என் மேஜைக்கு யாரு நிக்கிறது? தொடாம இருந்தா ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னா வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிடலாம். அப்படியே பழகிப்போச்சு."

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று வேனில் சொன்னவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

பெரியவள் கையை உயர்த்தினாள். அம்மா பழக்கதோஷத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். இங்கே எழுந்து ஓட அடுப்பு இல்லை, கழுவப் பாத்திரம் இல்லை. பெரியவளின் உள்ளங்கை அம்மாவின் நெற்றியில் முழுதாகப் படிந்தது. எத்தனையோ பேர் முகத்தைத் தொட்ட கை அது. இந்த முகத்தின் சுருக்கங்கள் அதற்குப் புதிதாக இருந்தன.

அம்மா அசையவில்லை. முதலில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், என்ன செய்வதென்று தெரியாத விருந்தாளி மாதிரி. பிறகு இமைகள் மெதுவாக இறங்கின.

"உன் கை ஐஸ் மாதிரியெல்லாம் இல்லையே" என்றாள்.

"இல்லம்மா. சாதாரணக் கைதான்."

 கைப்பையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"இதைத்தான் நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"ம்" என்றாள் அம்மா. அவள் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து பெரியவளின் மணிக்கட்டில் இறங்கியது. அதுவும் சுட்டது. "எவ்வளவு இருக்கு?"

"கொதிக்குதும்மா. ரொம்பக் கொதிக்குது."

"அப்போ," அம்மா தயங்கினாள். யாரிடமோ அனுமதி கேட்கிற குரலில் கேட்டாள், "நான் கொஞ்சம் படுத்துக்கவா?"

பெரியவள் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே இன்னொரு கையால் தலையணையை இழுத்துப் போட்டாள். தம்பி குனிந்து அம்மாவின் செருப்பைக் கழற்றினான்.